டச்பேட் காணவில்லையா? விண்டோஸில் கைவைக்கும் முன் இதைப் பாருங்கள்

மடிக்கணினி பழுதுபார்க்கும் என் மேசைக்கு வருகிறவர்களில் பலர் நோயைச் சொல்வதில்லை, மருந்தையே சொல்கிறார்கள். "டச்பேட் வேலை செய்யவில்லை, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுங்கள் அண்ணா." போட்டுக் கொடுத்தால் எனக்குக் கூலி வரும், டச்பேட் வருமா என்பது வேறு விஷயம். பல நேரங்களில் நிலைமை இன்னும் மோசமாகிவிடும். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் யூஎஸ்பி துளைகளைப் பாருங்கள். கம்பியில்லா மவுஸை வீட்டிலேயே விட்டுவிட்டு, அதன் சின்ன ரிசீவரை மட்டும் மடிக்கணினியிலேயே செருகி வைத்திருப்பவர்கள் ஏராளம். மவுஸ் இணைந்திருக்கும்போது டச்பேடை அணைத்துவிடும் அமைப்பு ஒன்று விண்டோஸில் உண்டு. அந்த ரிசீவரையே அது மவுஸாக எடுத்துக்கொள்ளும். பிடுங்கிப் பாருங்கள்.

அடுத்தது விசைப்பலகையின் மேல் வரிசை. சிறு செவ்வகத்தின் குறுக்கே கோடு போட்டதுபோல ஒரு படம் ஏதாவது எஃப் விசையில் இருந்தால், எஃப்என் விசையோடு சேர்த்து அதை ஒருமுறை அழுத்துங்கள். பழைய எச்பி மாடல்கள் சிலவற்றில் டச்பேடின் இடது மேல் மூலையில் இரண்டு முறை தட்டினாலே அது அணைந்துவிடும்; அந்த மூலையில் சிறு விளக்கு எரிந்தால் காரணம் அதுதான்.

இனி மவுஸ் இல்லாமலேயே போகலாம். விண்டோஸ் விசையை அழுத்தி, ஆங்கிலத்தில் டச்பேட் என்று தட்டி எண்டர் கொடுங்கள். டச்பேடுக்கான பக்கம் திறந்தால் விண்டோஸுக்கு அது தெரிகிறது. உள்ளே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால், டச்பேட் இருப்பதே விண்டோஸுக்குத் தெரியவில்லை என்று கொள்ளலாம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் தொடங்கும் எந்த வைத்தியமும் வீண்.

தெரியவில்லை என்றால், கணினியில் உள்ள சாதனங்களின் பட்டியலான டிவைஸ் மேனேஜருக்குப் போங்கள். விண்டோஸ் விசையையும் எக்ஸையும் சேர்த்து அழுத்திவிட்டு எம் அழுத்துங்கள். பட்டியலுக்குள் நுழைய டேப், மேலும் கீழும் போக அம்பு விசைகள், ஒரு பிரிவை விரிக்க வலது அம்பு, வலது கிளிக்குக்குப் பதில் ஷிஃப்ட்டும் எஃப்10-உம். ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் என்ற பிரிவை விரித்து, ஐ2சி எச்ஐடி டிவைஸ் என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். மஞ்சள் முக்கோணமோ கீழ்நோக்கிய அம்புக்குறியோ இருந்தால் அதன் பிராப்பர்ட்டீஸைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 22 என்றால் யாரோ முடக்கி வைத்திருக்கிறார்கள், எனேபிள் கொடுத்தால் முடிந்தது. 28 என்றால், சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனம் இருக்கிறது, ஆனால் எழுந்திருக்க மறுக்கிறது.

10-க்கு நான் முதலில் செய்வது மின்சாரத்தை முழுக்க வடித்துவிடுவதுதான். ஷட்டவுன் கொடுத்தால் போதாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினியில் விண்டோஸ் தன் உட்கருவின் நிலையைச் சேமித்து வைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொண்டு எழும். அதனால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ஷட்டவுன் கொடுங்கள். சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, பிறகு இயக்குங்கள். அதற்கும் எழாமல், அண்மையில்தான் ஏதோ அப்டேட் ஆகியிருக்கிறது என்றால், அதே பிராப்பர்ட்டீஸில் டிரைவர் என்ற பக்கத்தில் உள்ள, பழைய டிரைவருக்குத் திரும்பும் ரோல் பேக் பொத்தானைப் பாருங்கள்.

28-தான், விண்டோஸைப் புதிதாகப் போட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம். இப்போதைய டச்பேட்கள் பெரும்பாலும் ஐ2சி என்ற வழியாகத்தான் கணினியோடு பேசுகின்றன. அந்த வழியைத் திறந்துவிட இன்டெல் கணினிகளில் சீரியல் ஐஓ என்ற டிரைவர் வேண்டும். விண்டோஸ் நிறுவும் பென்டிரைவில் பல மாடல்களுக்கு அது இருப்பதில்லை. வழி மூடியிருக்கும்போது டச்பேடின் டிரைவரை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை. பட்டியலில் ஐ2சி எச்ஐடி டிவைஸ் என்ற வரியே வராது. அதர் டிவைசஸ் என்ற தலைப்பின் கீழ் பிசிஐ டிவைஸ் என்று பெயரில்லாமல் கிடப்பதுதான் பெரும்பாலும் அந்த மூடிய வழி; 28 என்ற எண்ணும் அதில்தான் இருக்கும். உங்கள் மாடலுக்கான டிரைவரைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே இறக்குங்கள்: முதலில் சிப்செட் (மதர்போர்டின் முக்கியச் சில்லுகளுக்கானது), அடுத்து சீரியல் ஐஓ, கடைசியில் டச்பேட். ஏஎம்டி கணினி என்றால் சிப்செட் டிரைவருக்குள்ளேயே ஐ2சி-யும் அடங்கியிருக்கும். எல்லா டிரைவரையும் தானே தேடித் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை மட்டும் நாடாதீர்கள். அவை கொண்டுவரும் குப்பையை அள்ளுவதற்கே தனி நேரம் வேண்டும்.

அவசரத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. ஏசர் மாடல்கள் பலவற்றில், விண்டோஸ் எழும் முன் திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் டச்பேட் என்ற வரியில் அட்வான்ஸ்ட், பேசிக் என்று இரு தேர்வுகள் இருக்கும். பேசிக்குக்கு மாற்றினால் டச்பேட் பழைய பிஎஸ்/2 முறையில் பேசும். சீரியல் ஐஓ தேவைப்படாது. பல விரல் சைகைகள் போய்விடலாம், ஆனால் வேலை நடக்கும்.

இவ்வளவுக்கும் அசையவில்லையென்றால் உபுண்டு என்ற இலவச இயங்குதளம் ஏற்றிய பென்டிரைவிலிருந்து கணினியை இயக்கி, நிறுவாமல், சோதனை முறையில் மட்டும் திறந்து பாருங்கள். அங்கே அம்புக்குறி நகர்ந்தால் வன்பொருள் நலம், கோளாறு விண்டோஸ் பக்கம். அங்கும் நகராவிட்டால் என் சந்தேகம் டச்பேடை மதர்போர்டோடு இணைக்கும் உள் பட்டை ஒயர்மேல் போகும். கீழே விழுந்த கணினியிலும், பேட்டரி மாற்றிய கணினியிலும் அதன் பூட்டு நழுவியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். திறக்கிறீர்கள் என்றால் பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகே அதைத் தொடுங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லையென்றால் திறக்கவே வேண்டாம்.

டச்பேட் ஒரு பக்கம் மேலெழும்பி இருந்தாலோ, அழுத்தினால் கிளிக் ஆகாமல் கல்போல இருந்தாலோ, மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். அடியில் பேட்டரி உப்பியிருக்கக்கூடும். சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்து, அழுத்தியோ குத்தியோ பார்க்காமல் பேட்டரி மாற்றத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.