குருவி வராத தெருவில் கூடு மாட்டும் முன்

மார்ச் 20, உலகச் சிட்டுக்குருவி நாள். அந்த வாரத்தில் வாங்கி மாட்டும் கூடுப் பெட்டிகளில் பல, அடுத்த மார்ச் வரை காலியாகவே தொங்குகின்றன. கூடு வைக்க இடமில்லாமல் குருவி போயிருந்தால் பெட்டி அதைத் திரும்ப அழைத்து வரும். புழு கிடைக்காமல் குஞ்சுகள் செத்துக்கொண்டிருந்தால் எத்தனை பெட்டி மாட்டினாலும் பயனில்லை. உங்கள் தெருவில் எது இல்லாமல் போனது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் ஆணியும் சுத்தியலும் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு மாதம் பிடிக்கும்.

காரணம் தெரியாமல் வைத்தியம் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாறுக் கழுகுகள் பாடம். 1990களில் அவை கூட்டம் கூட்டமாகச் செத்தபோது ஏதோ தொற்றுநோய் என்றுதான் பலர் சந்தேகித்தார்கள். மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலிமருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியாகப் பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பது 2004இல்தான் தெளிவானது. 2006இல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைகளுக்குப் போடத் தடை விதித்தது. அதற்குள் பெரும்பாலான பாறுகள் போய்விட்டன. சிட்டுக்குருவிக்கு அப்படி ஒரே ஒரு குற்றவாளி இல்லை. ஒவ்வோர் ஊரிலும் காரணம் வேறு. ஆகவே ஒவ்வொரு தெருவையும் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

செல்போன் கோபுரக் கதிர்வீச்சுதான் குருவியை அழித்தது என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வைப்போம். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, 25 ஆண்டுக்கும் மேலான பதிவுகளை வைத்துப் பார்த்தபோது, நாடு முழுவதும் சிட்டுக்குருவி ஏறக்குறைய நிலையாகவே இருந்தது. சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மட்டும் குறைந்து வந்தது. கோபுரக் கதிர்வீச்சுதான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. கோபுரம் இருக்கும் சிற்றூர்களிலும் குருவி தாராளமாகப் பெருகுகிறது. கோபுரத்தைத் திட்டிவிட்டு முற்றத்துக்கு சிமெண்ட் போடுவதால் ஒரு குருவிகூடத் திரும்பாது.

குருவிக்கு என்னென்ன வேண்டும்

சங்கப் பாட்டு ஒன்றில் ஒரு மனையுறை குருவி வருகிறது. முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்கிறது, மன்றத்து எருவின் நுண்பொடியில் குடைந்து ஆடுகிறது, வீட்டு இறவாணத்தில் தன் பிள்ளைகளோடு தங்குகிறது. தானியம், புழுதி, பொந்து மூன்றும் அந்தப் பாட்டிலேயே இருக்கின்றன. இன்னும் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: குஞ்சுக்குப் பூச்சி, ஒளிந்துகொள்ள அடர்ந்த புதர். இந்த ஐந்தும் ஒரு குருவிக் கூட்டத்துக்குச் சில நூறு மீட்டருக்குள் கிடைக்க வேண்டும். சிட்டுக்குருவி தூரம் போய் இரை தேடும் பறவை இல்லை. பெரும்பாலும் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து முடிக்கிறது.

பெரிய குருவி தானியம் தின்னும். குஞ்சுக்கு முதல் வாரத்தில் அது செரிக்காது. அசுவினி (செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி), பச்சைப் புழு, சிலந்தி, வெட்டுக்கிளிக் குஞ்சு போல மெத்தென்ற இரைதான் வேண்டும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் நடந்த ஆய்வில், ரொட்டியும் தானியமுமாக ஊட்டப்பட்ட குஞ்சுகள் கூட்டிலேயே அதிகம் இறந்தன. மாடியில் அரிசி போடுகிறோமே, ஏன் குருவி பெருகவில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் இதில் இருக்கிறது. நாம் தாய் தகப்பனுக்குச் சோறு போடுகிறோம், பிள்ளை பட்டினி கிடக்கிறது.

எண்ணுவது

ஜனவரி கடைசியில் தொடங்கி மார்ச் கடைசி வரை எண்ணுங்கள். ஒரே பாதை, சுமார் 1 கிலோமீட்டர். சூரியன் உதித்த ஒன்றரை மணி நேரத்துக்குள் மெதுவாக நடந்து முடிக்க வேண்டும். வாரம் ஒரு முறை போதும். மழை, பலத்த காற்று, பட்டாசு இருக்கும் நாளை விட்டுவிடுங்கள்.

கண்ணில் படும் எல்லாக் குருவியையும் எண்ணினால் ஒரே கூட்டத்தை இரண்டு முறை எண்ண நேரும். அதனால் ஓரிடத்தில் உட்கார்ந்துகொண்டு இடைவிடாமல் 'சிலிப், சிலிப்' என்று கத்தும் ஆண் குருவியை மட்டும் எண்ணுங்கள். கூடு பிடித்த ஆண்தான் அப்படிக் கத்தும், ஆகவே அது ஏறக்குறைய ஒரு குடும்பக் கணக்கு. ஆணுக்குத் தொண்டையில் கறுப்புத் திட்டு, உச்சந்தலை சாம்பல் நிறம். பெண் மங்கிய பழுப்பு. வயிற்றில் செதில் செதிலாகக் கோடு இருந்தால் அது சில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு செடிக்குள் தாவினால் தையல்சிட்டு. இந்த இரண்டையும் சிட்டுக்குருவி என்று எழுதிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஒன்றும் இல்லாத நாளில் '0' என்று எழுத மறக்காதீர்கள். பார்த்த நாளை மட்டும் குறித்தால் குறைவே தெரியாது. பதிவுகளை, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையத்தளத்தில் ஏற்றுவதானால் அந்த நேரத்தில் பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்து முழுப் பட்டியலாக ஏற்றுங்கள். மேலே சொன்ன நிலை அறிக்கை இப்படிச் சாதாரண மக்கள் ஏற்றிய பட்டியல்களால்தான் சாத்தியமானது. பழக்கமில்லாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பு நல்ல தொடக்கம்.

கணக்கைப் படிப்பது

கத்தும் ஆண் நிறைய, ஆனால் அவை மீட்டர் பெட்டி, கடை ஷட்டர், பெயர்ப்பலகைக் குழாய் என்று கிடைத்த ஓட்டைக்கெல்லாம் சண்டை போடுகின்றன என்றால் பற்றாக்குறை பொந்துக்குத்தான். ஓட்டு வீடுகள் இடிந்து தளம் போட்ட வீடுகள் வந்த தெருக்களில் இதுதான் நிலைமை. அங்கே பெட்டி நன்றாக வேலை செய்யும்.

கூடு இருக்கிறது, சத்தமும் கேட்கிறது, ஆனால் ஐந்தாறு நாளில் அடங்கிவிடுகிறது, கூட்டுக்குக் கீழே இறகு முளைக்காத குஞ்சு செத்துக் கிடக்கிறது என்றால் பூச்சிப் பஞ்சமாக இருக்கலாம். உறுதி செய்ய, குஞ்சு பொரித்த கூட்டைப் பத்தடி தள்ளி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். தாயும் தகப்பனும் எத்தனை முறை வந்தன, அலகில் என்ன இருந்தது என்று குறியுங்கள். பச்சையாகப் புழு தொங்கினால் நல்லது. சோற்றுப் பருக்கை, மிக்சர்த் துண்டு, எறும்பு என்றே வந்தால் குஞ்சு தேறுவது கடினம்.

குருவிகள் வருகின்றன, தின்கின்றன, ஆனால் தங்குவதில்லை என்றால் புதர் இல்லை. வேறு தெருவில் அடைந்துகொண்டு உங்கள் தெருவுக்குச் சாப்பிட மட்டும் வருகின்றன.

எட்டு வாரமும் சுழியம் என்றால் வட்டத்தைப் பெரிதாக்கி, மிக அருகில் குருவி எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். காய்கறிச் சந்தை, அரிசி மண்டி, ரயில் நிலையச் சரக்குக் கொட்டகை, மாட்டுத் தொழுவம் ஆகியவற்றை முதலில் பாருங்கள். அரை கிலோமீட்டருக்குள் இருந்தால் நம்பிக்கை உண்டு. அதைவிடத் தூரமானால் உங்கள் பெட்டிகளை அந்தக் கூட்டம் இருக்கும் இடத்தின் ஓரத்தில் மாட்டி, உங்கள் பக்கமாக ஆண்டுதோறும் நகர்த்திக்கொண்டு வர வேண்டும். பிடித்து வந்து விடுவது தவறு. அவை தங்காது.

பூச்சிக்கு இடம்

கடினமான பகுதி இது. பத்தடிக்குப் பத்தடி மண் போதும். தட்டைப்பயறும் அவரையும் விதையுங்கள். இரண்டிலும் அசுவினி அடையும், அதுதான் நமக்கு வேண்டும். கீரை, முள்ளங்கி, கடுகு போட்டு ஒரு பாதியைப் பறிக்காமல் பூக்கவும் விதைக்கவும் விடுங்கள். ஓரத்தில் இரண்டடி அகலத்துக்குப் புல்லும் களையும் தானாக வளரட்டும். உதிர்ந்த இலையைக் கூட்டி எரிக்காமல் செடியடியில் போடுங்கள். மண் இல்லாத மாடியில் பெரிய தொட்டி எட்டுப் பத்து வைத்தும் இதைச் செய்யலாம், பலன் குறைவாக இருக்கும்.

இந்தப் பாத்தியில் எந்த மருந்தும் கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலும் கூடாது. அது இயற்கையானதுதான், ஆனால் அசுவினியைத்தான் முதலில் கொல்லும். அசுவினி பிடித்த செடியைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் மருந்து அடிக்க வந்துவிடுவார். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தெரு முழுக்கப் பத்து வீடு இப்படிச் செய்தால்தான் குஞ்சு வளர்க்கப் போதுமான இரை சேரும்.

லண்டனில் குஞ்சு வளரும் காலத்தில் மாவுப்புழு வைத்துப் பார்த்தார்கள். கூடுவிட்டுப் பறந்த குஞ்சுகள் கூடின, ஆனால் இனப்பெருக்கம் செய்யும் பெரிய குருவிகளின் எண்ணிக்கை கூடவில்லை. ஒரு குறையை மட்டும் நீக்கினால் போதாமல் போகலாம். புதரும் புழுதியும் சேர்த்தே செய்யச் சொல்வது இதனால்தான்.

புதருக்கு மருதாணி, நொச்சி, காகிதப்பூ எதுவானாலும் சரி. நாலைந்து அடி உயரம், உள்ளே கை நுழையாத அடர்த்தி. ஒரேயடியாக மொட்டையடித்து வெட்டாதீர்கள். புழுதிக் குளியலுக்கு இரண்டடிக்கு இரண்டடி, மூன்று அங்குல ஆழத்தில் சலித்த மண்ணும் மணலும் கொஞ்சம் எருப்பொடியும். மழை படாத இடமாகவும், புதரிலிருந்து ஆறேழடி தள்ளியும் இருக்கட்டும். ஒட்டி வைத்தால் பூனை மறைந்திருந்து பாயும். தண்ணீர்த் தட்டு ஒன்றரை அங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், தினமும் தேய்த்துக் கழுவுங்கள்.

தானியம் என்றால் கம்பு, தினை, சாமை, அரிசிக் குறுணை. காலையில் ஒரு கைப்பிடி, ஒரு மணி நேரத்தில் தீரும் அளவு. புறா வந்து குவிந்தால் இரண்டு அங்குலக் கண்ணுள்ள கம்பி வலைக் கூண்டுக்குள் தட்டை வையுங்கள். குருவி நுழையும், புறா நுழையாது.

பெட்டி

ஆறு அங்குல அகலம், 15 மில்லிமீட்டர் தடிமன் உள்ள பலகை நாலரை அடி வாங்குங்கள். மழமழப்பாக இழைக்காத நாட்டு மரமே நல்லது. உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தால்தான் குஞ்சு பிடித்து ஏறி வெளியே வரும். வெட்ட வேண்டிய நீளம்: பின்பலகை 30 சென்டிமீட்டர், முன்பலகை 20, கூரை 24, அடிப்பலகை 12. பக்கப் பலகை இரண்டும் பின்னால் 25, முன்னால் 20 உயரம். 45 சென்டிமீட்டர்த் துண்டைக் குறுக்கே சாய்வாக வெட்டினால் இரண்டும் கிடைத்துவிடும். மொத்தம் 131, மீதி ரம்பம் தின்னும்.

முன்பலகையில் துளை 32 மில்லிமீட்டர். தச்சரிடம் 'ஒன்றேகால் இஞ்ச் ஹோல் சா' என்று கேளுங்கள். துளையின் அடிவிளிம்பு பெட்டியின் அடிப்பலகையிலிருந்து 13 சென்டிமீட்டர் மேலே. துளை 40ஐத் தாண்டினால் மைனா பிடித்துக்கொள்ளும், காக்கையின் அலகும் எட்டும். அணில் கொறித்துப் பெரிதாக்காமலிருக்க அதே அளவு ஓட்டையுள்ள தகரத்தைத் துளையைச் சுற்றி அறையுங்கள். உட்காரும் குச்சி வேண்டவே வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை, எதிரிக்குத்தான் உதவும். அடிப்பலகையின் நான்கு மூலையிலும் 6 மில்லிமீட்டர் ஓட்டை, பக்கப் பலகையின் மேல் ஓரத்தில் காற்றுக்கு இரண்டு ஓட்டை. ஒரு பக்கப் பலகையை மட்டும், மேலே முன்னும் பின்னும் ஒரே உயரத்தில் ஒவ்வோர் ஆணி அடித்து ஊசலாட விட்டு, கீழே ஒரு திருகாணியால் மூடுங்கள். கழுவ அதுதான் கதவு. இரண்டு ஆணியும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் கதவு சிக்கிக்கொள்ளும். உள்ளே பெயிண்ட், வார்னிஷ் கூடாது.

அட்டைப்பெட்டி ஒரு மழைக்குத் தாங்காது. பிளாஸ்டிக் கூடு சித்திரை வெயிலில் குஞ்சை வேகவைக்கும். பானை பரவாயில்லை, ஆனால் ஒற்றைக் கயிற்றில் ஆடவிடாமல் இரண்டு இடத்தில் கட்டி நிலையாக வையுங்கள்.

சன்ஷேடுக்கு அடியில், எட்டடி முதல் பன்னிரண்டடி உயரத்தில், மேற்கு வெயில் நேரே விழாத சுவரில் மாட்டுங்கள். குருவி கூட்டமாக வாழும், ஆகவே மூன்று நான்கு பெட்டி, மூன்றடி இடைவெளியில். சீலிங் ஃபேன் சுற்றும் அறையின் ஜன்னலுக்கு மேல் மாட்டாதீர்கள். டிசம்பருக்குள் மாட்டிவிட்டால் கோடையில் குடியேறலாம், ஓர் ஆண்டுகூட ஆகலாம். அதற்குள் இடம் மாற்ற வேண்டாம்.

வைக்கோல் போகத் தொடங்கியபின் திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள். முட்டை மூன்று முதல் ஐந்து, பொரிய ஏறக்குறைய 12 நாள், பறக்க இன்னும் 15 நாள். இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்தால் கூட்டிலேயே எடுத்து வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது உண்மையில்லை. இறகு முளைத்துக் குட்டை வாலோடு தத்தும் குஞ்சைத் தொடாமல் பூனையை மட்டும் விரட்டுங்கள்; தாய் அருகிலேயே இருக்கும். எறும்பு வந்தால் மருந்து தூவாதீர்கள், பெட்டியைத் தொடும் கிளையையும் கயிற்றையும் நீக்குங்கள். பருவம் முடிந்து ஐப்பசி மழைக்கு முன் பழைய கூட்டை எடுத்துவிட்டு, கொதிநீர் ஊற்றிக் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து அதே ஆணியில் மாட்டுங்கள்.

அடுத்த ஜனவரியில் அதே பாதையில், அதே நேரத்தில் மீண்டும் எண்ணுங்கள். ஓர் ஆண்டு கூடியதையும் குறைந்ததையும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம், மழை ஒன்றே அவ்வளவு மாற்றம் செய்யும். மூன்று ஆண்டுக் கணக்கை வரிசையாக வைத்துப் பாருங்கள். பெட்டி நிரம்பியும் கத்தும் ஆண் எண்ணிக்கை ஏறவில்லை என்றால், இருந்த குருவிகள் மீட்டர் பெட்டியிலிருந்து உங்கள் பெட்டிக்கு வீடு மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். அப்போது அடுத்த பெட்டிக்கு வைத்திருந்த பணத்தில் தட்டைப்பயறு விதை வாங்குங்கள்.