உங்கள் நகரத்தின் சிடிபிஜி பணம் யாருக்குப் போகிறது? புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

அமெரிக்காவில் நகரசபைக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை எப்போதாவது புரட்டியிருந்தால் 'சிடிபிஜி' என்ற நாலெழுத்து கண்ணில் பட்டிருக்கும். கம்யூனிட்டி டெவலப்மென்ட் பிளாக் கிராண்ட் என்பதன் சுருக்கம் அது. குறைந்த வருமானக் குடும்பங்கள் வாழும் பகுதிகளுக்காக மத்திய அரசு ஒவ்வொரு வருஷமும் நகரங்களுக்குத் தரும் மானியம். 1974இல் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டத்தில் பிறந்தது, இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்மை வருஷங்களில் நாடு முழுவதற்குமாக ஆண்டுக்குச் சுமார் 330 கோடி டாலர்.

இதில் விசேஷம் என்னவென்றால், எதற்குச் செலவழிப்பது என்பதைப் பெரும்பாலும் நகரமே முடிவு செய்கிறது, அந்த முடிவுக்கு முன்னால் குடியிருப்பவர்களைக் கேட்டாக வேண்டும் என்று விதியும் இருக்கிறது. ஆனால் கேட்கிற நேரத்தில் போகிறவர்கள் ரொம்பக் குறைவு, எல்லாம் முடிந்தபிறகு மைக் முன்னால் நின்று கோபப்படுகிறவர்கள்தான் அதிகம். அந்த வரிசையில் நீங்கள் நிற்காமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தனிநபர் கைக்கு நேராக வரும் காசோலை இல்லை. இணையத்தில் யாராவது 'உங்களுக்கு சிடிபிஜி மானியம் கிடைத்துவிட்டது, கட்டணம் மட்டும் கட்டுங்கள்' என்றால் அது மோசடி.

படி 1: பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்

மொத்தத் தொகையில் 70 சதவீதம் பெரிய நகரங்களுக்கும் பெரிய கவுண்டிகளுக்கும் நேராகப் போகிறது, மீதி 30 சதவீதம் மாநிலங்கள் கைக்குப் போய் அங்கிருந்து சிற்றூர்களுக்கு. ஒரு பெருநகர்ப் பகுதியின் முதன்மை நகரமாக இருந்தாலோ, அப்படியொரு பகுதிக்குள் 50,000 பேருக்குக் குறையாமல் இருந்தாலோ, நகரத்துக்கு நேரடிப் பங்கு உண்டு. கவுண்டி என்றால், ஏற்கெனவே நேரடியாகப் பெறும் நகரங்களைக் கழித்துவிட்டு 2,00,000 பேர் தேவை. நேரடியாகப் பெறுபவை நாடு முழுக்க சுமார் 1,200.

எப்படிக் கண்டுபிடிப்பது? உங்கள் நகரத்தின் பெயரோடு 'சிடிபிஜி', 'ஆக்‌ஷன் பிளான்' (அந்த வருஷத்துச் செலவுத் திட்டம்) என்று சேர்த்துத் தேடுங்கள். நகரத்தின் சொந்தத் தளத்தில் ஆவணம் வந்தால் நேரடி நகரம், வராவிட்டால் கவுண்டி தளத்தைப் பாருங்கள். சின்ன நகரம் என்றால் பல சமயம் கவுண்டியோடு சேர்ந்துதான் வாங்குகிறது.

படி 2: தொகை எப்படித் தீர்மானமாகிறது

இதில் மேயருக்கும் கவுன்சிலுக்கும் வேலையே இல்லை. மத்திய அரசின் வீட்டு வசதி, நகர்ப்புற மேம்பாட்டுத் துறை (எல்லோரும் 'ஹட்' என்பார்கள்) இரண்டு சூத்திரங்களில் கணக்குப் போடுகிறது. முதல் சூத்திரத்தில் மக்கள்தொகைக்கு 25 சதவீத எடை, வறுமைக்கு 50, ஒரே வீட்டில் நெருக்கிக்கொண்டு வாழ்வதற்கு 25. இரண்டாவதில் 1940க்கு முன் கட்டிய வீடுகளுக்கு 50, வறுமைக்கு 30, மக்கள்தொகை வளர்ச்சியில் பின்தங்கியதற்கு 20. எந்தச் சூத்திரம் அதிகம் தருகிறதோ அதை நகரம் எடுத்துக்கொள்ளும், அப்புறம் கையிருப்புக்கு ஏற்ப எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் கொஞ்சம் வெட்டுவார்கள்.

பழைய தொழில் நகரங்கள் இரண்டாவது சூத்திரத்தில்தான் பிழைக்கின்றன. எனக்கு இதில் ஒரு குறை உண்டு: பழைய வீடு என்றாலே ஏழை வீடு என்று இந்தச் சூத்திரம் நினைத்துக்கொள்கிறது. லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்து வசதியானவர்கள் குடியேறிய பழைய வீடும் அதே கணக்கில்தான் ஏறும்.

படி 3: கையில் உண்மையில் எவ்வளவு மிஞ்சுகிறது

இங்கேதான் நிறையப் பேருக்கு அதிர்ச்சி. ஒரு கற்பனை நகரத்துக்கு 10,00,000 டாலர் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். திட்டமிடல், நிர்வாகம் இரண்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு 20 சதவீதம், அதாவது 2,00,000. 'பொதுச் சேவை' என்ற தலைப்புக்கு உச்சவரம்பு 15 சதவீதம், 1,50,000. குழந்தைக் காப்பகம், வேலைப் பயிற்சி, முதியோருக்கு உணவு, வீடற்றோர் தங்குமிடத்தை நடத்தும் செலவு எல்லாம் இந்த ஒன்றரை லட்சத்துக்குள் அடங்கியாக வேண்டும். மிச்சம் 6,50,000 நடைபாதை, வடிகால், பூங்கா, சமூகக் கூடம், வீடு பழுதுபார்ப்பு மாதிரியான வேலைகளுக்கு.

தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் கேட்பது எதை? அந்த ஒன்றரை லட்சத்தை. பத்து நிறுவனங்கள் தலைக்கு 40,000 கேட்டால் 4,00,000 ஆகிவிட்டது, இருப்பதோ அதில் பாதிகூட இல்லை. 'எங்களுக்கு ஏன் தரவில்லை, அவ்வளவு பணம் இருக்கிறதே' என்று வரும் சண்டைகளில் பாதி இந்த 15 சதவீதம் தெரியாததால் வருவது. ஆகவே உங்கள் யோசனையைச் சேவையாகக் கேட்பதா, கட்டுமானமாகக் கேட்பதா என்று ஒருமுறை நிதானமாக யோசியுங்கள். முதியோர் மையத்தில் ஆசிரியரை வைத்து வகுப்பு நடத்தினால் அது சேவை. அதே மையத்தின் வாசலில் சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்டினால் அது பொது வசதி, 15 சதவீதக் கூண்டுக்கு வெளியே.

சேவையில் இன்னொரு கண்ணி: நகரம் கடந்த 12 மாதமாகத் தன் சொந்தப் பணத்தில் நடத்திவந்த சேவையை அப்படியே இந்தப் பணத்துக்கு மாற்றிவிட முடியாது. புதிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளந்து காட்டும்படி கூடியிருக்க வேண்டும்.

செய்யவே கூடாதவையும் உண்டு. நகரசபைக் கட்டடம் கட்டக் கூடாது, அரசாங்கத்தின் அன்றாடச் செலவுக்கு எடுக்கக் கூடாது, அரசியல் வேலைக்குக் கூடாது. ஒரு சாலையைப் புதிதாகப் போடலாம், ஆனால் வழக்கமான குழி அடைப்புப் பராமரிப்பு கூடாது.

படி 4: 'குறைந்த வருமானம்' யார் என்ற கணக்கு

செலவாகும் ஒவ்வொரு வேலையும் மூன்று தேசிய நோக்கங்களில் ஒன்றில் பொருந்த வேண்டும்: குறைந்த, நடுத்தரத்துக்குக் கீழான வருமானம் உள்ளவர்களுக்குப் பயன்படுவது, பாழடைந்த பகுதிகளைச் சரிசெய்வது, பேரிடர் மாதிரி அவசரத் தேவை. அதில் முதலாவதுக்கு மட்டுமே குறைந்தது 70 சதவீதப் பணம் போக வேண்டும். நகரம் விரும்பினால் இந்த 70ஐ மூன்று வருஷம் வரை சேர்த்துக் காட்டலாம்.

அந்தப் பகுதியின் இடைநிலைக் குடும்ப வருமானத்தில் 80 சதவீதத்துக்கு மேல் போகாதவர்கள் இந்தக் கணக்கில் வருவார்கள். குடும்பத்தில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து வரம்பு மாறும், ஹட் ஒவ்வொரு வருஷமும் கவுண்டி வாரியாகப் பட்டியல் போடும். அதை எடுத்து உங்கள் வீட்டு வருமானத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். வீட்டு வாடகை விண்ணை முட்டும் பகுதிகளில் முழுநேர வேலை பார்க்கிற குடும்பமே வரம்புக்குள் வருவது சகஜம்.

ஒரு வேலை இவர்களுக்குப் பயன்படுகிறது என்று எப்படி நிரூபிப்பது? வீடு பழுதுபார்ப்பு என்றால் அந்த வீட்டுக்காரரின் வருமானத்தைப் பார்ப்பார்கள். வேலைவாய்ப்பு என்றால் குறைந்தது 51 சதவீத வேலைகள் இவர்களுக்குப் போக வேண்டும். முதியோர், வீடற்றோர், கடுமையான ஊனம் உள்ள பெரியவர்கள், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்கள் போன்ற சில பிரிவினரை வருமானச் சான்று கேட்காமலே ஏற்றுக்கொள்வார்கள். நாலாவது வழிதான் சுவாரஸ்யமானது: ஒரு பகுதி முழுக்கப் பயன்படுத்தும் பூங்கா, நடைபாதை மாதிரி விஷயங்களில், அந்தச் சேவைப் பகுதியில் குடியிருப்பவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் வரம்புக்குள் இருக்க வேண்டும்.

சேவைப் பகுதி என்ற கோட்டை வரைவது நகரம். ஒரு பூங்காவுக்கு நாலு சென்சஸ் பிளாக் குரூப்புகளை (மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காகப் பிரித்த சின்னப் பகுதிகள்) சேர்த்தால் 53 சதவீதம் வரலாம், பக்கத்து மேட்டில் இருக்கும் பெரிய வீடுகளையும் சேர்த்தால் 46க்கு இறங்கிவிடலாம். கோடு நியாயமாகப் போட்டிருக்கிறார்களா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மேட்டில் இருக்கிறவர்களும் அந்தப் பூங்காவுக்குத்தான் நடந்து வருகிறார்கள் என்றால் அவர்களையும் எண்ணத்தான் வேண்டும். (51ஐத் தொடும் பகுதிகளே அரிதான வசதியான நகரங்களுக்கு, வரம்புக்குள் வருபவர்கள் அதிகம் இருக்கும் மேல் கால்வாசிப் பகுதிகளை எடுத்துக்கொள்ளும் விதிவிலக்கு இருக்கிறது.)

படி 5: நாட்காட்டியைப் பிடியுங்கள்

மூன்று முதல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 'கன்சாலிடேட்டட் பிளான்' என்ற பெரிய திட்டம், அதற்குள் வருஷா வருஷம் ஒரு 'ஆக்‌ஷன் பிளான்'. திட்ட ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும் நகரம் என்றால், ஆண்டு சுமாராக இப்படி ஓடும்: இலையுதிர் காலத்தில் தேவைகள் பற்றிய பொதுக்கூட்டம், குளிர்காலத்தில் விண்ணப்பங்கள், அப்புறம் ஊழியர்களோ குடிமக்கள் குழுவோ மதிப்பெண் போடுவது, வசந்த காலத்தில் வரைவு. வரைவின் மீது கருத்துச் சொல்ல குறைந்தது 30 நாள் தர வேண்டும். வருஷத்தில் குறைந்தது இரண்டு பொதுக்கூட்டம், வெவ்வேறு கட்டங்களில். திட்ட ஆண்டு தொடங்க 45 நாள் முன்பு திட்டம் ஹட்டுக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது பொதுவிதி.

என்னைக் கேட்டால், ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் போக நேரம் இருக்கிறது என்றால் முதல் கூட்டத்துக்குப் போங்கள். கவுன்சில் வாக்களிக்கும் இரவில் பட்டியல் ஏறக்குறைய முடிந்துபோயிருக்கும். ஒருவருக்குக் கூட்ட வேண்டும் என்றால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டும், அதை மேடையில் வைத்துச் செய்ய எந்தக் கவுன்சிலரும் விரும்ப மாட்டார். முதல் கூட்டத்தில் காலி நாற்காலிகள்தான் இருக்கும், அங்கே நீங்கள் சொல்வது பதிவாகி, எந்தத் தேவைக்கு முன்னுரிமை என்ற பட்டியலுக்குள் போக வாய்ப்பு உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத தேவைக்கு விண்ணப்பம் போட்டால் மதிப்பெண் ஏறுவது கஷ்டம்.

பேசும்போது 'எங்கள் பகுதியை யாரும் கவனிப்பதில்லை' என்று ஆரம்பிக்காதீர்கள். இடம், ஆட்கள், என்ன வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள். 'இந்தத் தெருவில் இந்த அடுக்குமாடியிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடைபாதை இல்லை, சக்கர நாற்காலியில் போகிறவர்கள் சாலையில்தான் இறங்க வேண்டியிருக்கிறது, இரண்டு பிளாக் தூரத்துக்கு நடைபாதை வேண்டும்' என்றால் குறிப்பெடுப்பவர் அப்படியே எழுதிக்கொள்வார். ஆங்கிலம் சரளமாக வராத பெற்றோரைக் கூட்டிப் போகிறீர்களா? ஆங்கிலம் பேசாதவர்கள் கணிசமாக வருவார்கள் என்று எதிர்பார்க்கப்படும் கூட்டங்களில் அவர்களுக்கு எப்படி வசதி செய்து தரப்படும் என்பதை நகரம் தன் பங்கேற்புத் திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். முன்கூட்டியே மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள்.

படி 6: வரைவை முழுக்கப் படிக்க வேண்டாம்

நூறு பக்கத்துக்கு மேல் போகும், பாதி வருஷா வருஷம் அப்படியே வரும் வழக்கமான வாசகம். நேராக 'ஏபி-38' என்ற பகுதிக்குப் போங்கள். திட்டத்தின் பெயர், தொகை, எந்த நோக்கம், எத்தனை பேருக்குப் பயன், எங்கே என்று பெட்டி பெட்டியாக இருக்கும். 'வீடு பழுதுபார்ப்பு, 3,00,000 டாலர், 12 குடும்பங்கள்' என்று இருந்தால் வகுத்துப் பாருங்கள், வீட்டுக்கு 25,000. கூரையும் மின்கம்பியும் மாற்றும் அளவு என்றால் ஏற்கத்தக்கது, வெறும் பெயின்ட் என்றால் கேள்வி கேளுங்கள். இடம் என்ற பெட்டியில் 'நகரம் முழுவதும்' என்று மட்டும் போட்டிருந்தாலும் கேளுங்கள். நீங்கள் எழுதி அனுப்பும் கருத்தை ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று இறுதித் திட்டத்தோடு சேர்த்து எழுத நகரம் கடமைப்பட்டது.

படி 7: விண்ணப்பிக்கப் போகும் அமைப்புகளுக்கு

பெரும்பாலான நகரங்களில் நீங்கள் முதலில் செலவழித்து, ரசீது கொடுத்து, பிறகு வாங்க வேண்டும். ஓரிரு மாதம் தாக்குப்பிடிக்கக் கையில் காசு இல்லாத சின்ன அமைப்பு இதில் மூச்சுத் திணறும், ஆகவே பெரிய அமைப்பு ஒன்றோடு சேர்ந்து விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். மத்திய அரசின் சாம் (SAM.gov) தளத்தில் யுஇஐ என்ற அமைப்பு அடையாள எண் வாங்குவதை முதல் நாளே தொடங்கிவிடுங்கள். கட்டுமான வேலை என்றால், சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் முன் ஒப்பந்தம் போட்டுவிடாதீர்கள், சொந்தப் பணத்தில்கூட. அவசரப்பட்டுக் கையெழுத்திட்டால் அந்தத் திட்டத்துக்கு மானியமே கைவிட்டுப் போகலாம். 2,000 டாலருக்கு மேற்பட்ட கட்டுமான ஒப்பந்தங்களுக்கு அந்தப் பகுதியில் நிலவும் கூலியையாவது தர வேண்டும் என்ற டேவிஸ்-பேக்கன் ஊதிய விதியும் வரும் (எட்டு வீட்டுக்குக் குறைவான குடியிருப்புப் பழுதுபார்ப்புக்கு விலக்கு உண்டு), அதைச் சேர்க்காமல் மதிப்பீடு போட்டால் பட்ஜெட் இடிக்கும்.

மதிப்பெண் போடும் குழுவில் இருப்பவர் யாராவது உங்கள் அமைப்பின் நிர்வாகியாகவோ உறவினராகவோ இருந்தால் விண்ணப்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

படி 8: எனக்கே உதவி வேண்டும் என்றால்

நகரத்தின் வீட்டு வசதி அலுவலகத்தை அழைத்து, சிடிபிஜி பணத்தில் நடக்கும் வீடு பழுதுபார்ப்பு, வேலைப் பயிற்சி, குழந்தைக் காப்பகம் யார் நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். பணம் அந்த அமைப்பிடம் இருக்கும், விண்ணப்பமும் அங்கேதான். வருமானச் சான்றுகளைக் கையோடு கொண்டு போங்கள், காத்திருப்புப் பட்டியல் இருக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

படி 9: செலவானதா என்று பார்க்க

திட்ட ஆண்டு முடிந்து 90 நாளுக்குள் நகரம் 'கேப்பர்' என்ற ஆண்டுச் செயல்பாட்டு அறிக்கையை ஹட்டுக்கு அனுப்ப வேண்டும், அதற்கு முன் உங்கள் கருத்துக்குக் குறைந்தது 15 நாள் உண்டு. பழைய ஏபி-38ஐ ஒரு பக்கம், கேப்பரை இன்னொரு பக்கம் திறந்து வைத்து, 12 குடும்பம் என்றது 12ஆக முடிந்ததா, 3ஆக நின்றதா என்று பாருங்கள். திட்ட ஆண்டு முடிய 60 நாள் இருக்கும்போது செலவாகாத தொகை ஒரு வருஷ மானியத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஹட் கண்டிக்கும், அடுத்த மானியத்தில் கை வைக்கவும் முடியும். அப்படி நெருக்கடியில் இருக்கும் நகரம் சீக்கிரம் முடியக்கூடிய வேலைகளைத் தேடும், அதனால் வரைபடம், மதிப்பீடு எல்லாம் தயாராக இருக்கும் நடைபாதைத் திட்டத்துக்கு நடு ஆண்டிலேயே பணம் மாறி வருவது உண்டு. உங்கள் கோரிக்கையை அந்த அளவுக்குத் தயாராக வைத்திருக்கச் சொல்லி பொதுப்பணித் துறையிடம் இப்போதே கேட்டு வையுங்கள். எதற்காவது எழுத்தில் புகார் கொடுத்தால், இயன்றவரை 15 வேலை நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும் என்பது விதி, அதனால் தொலைபேசியில் சொல்லிவிட்டு விடாமல் எழுதியே அனுப்புங்கள்.