குழந்தையின் மூளை அளவீட்டை நம்பலாமா? நீங்களே சோதித்துப் பார்க்கும் வழி

ஆறு மாதக் குழந்தை அம்மா மடியில் உட்கார்ந்திருக்கிறது. தலையில் எஃப்நிர்ஸ் தொப்பி (அகச்சிவப்பை ஒட்டிய ஒளியைத் தலைக்குள் அனுப்பி, மூளை இரத்தத்தில் ஆக்சிஜன் மாறுவதை அளக்கும் கருவி), எதிரே திரையில் ஒரு பெண் கைதட்டிப் பாடுகிறாள். காதுக்கு மேலே உள்ள மூளைப் பகுதியில் ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபின் கூடுகிறது, உங்களுக்கு ஒரு எண் கிடைக்கிறது. சரி, அடுத்த வாரம் அதே குழந்தையைக் கூட்டிவந்து அதே தொப்பியைப் போட்டு அதே படத்தைக் காட்டினால் அதே எண் வருமா? இதற்குப் பதில் தெரியாமல் அந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எழுதாதீர்கள். இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் மாணவர்களுக்காக அந்தப் பதிலைத் தேடும் வழியை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கேள்வி ஒரு குழுவைப் பற்றியதா, தனிக் குழந்தையைப் பற்றியதா என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு. 2014இல் அன்னா பிளாசியும் சக ஆய்வாளர்களும் 13 குழந்தைகளை எட்டரை மாத இடைவெளியில் இரண்டு முறை எஃப்நிர்ஸில் அளந்து வெளியிட்டார்கள். குழுவாகப் பார்த்தபோது மூளையின் எந்த இடம் தூண்டப்பட்டது என்பது இரண்டு முறையும் ஏறக்குறைய அப்படியே பொருந்தியது, அந்தப் பொருத்தம் 0.94 (1 என்றால் முழுப் பொருத்தம்). தனித்தனிக் குழந்தையாகப் பார்த்தால் சமிக்ஞை ஒரு குழந்தைக்கு நன்றாக ஒத்துவந்தது, இன்னொரு குழந்தைக்கு வரவில்லை. “இந்த வயதுக் குழந்தைகள் குரலைக் கேட்டால் இந்தப் பகுதி வேலை செய்கிறது” என்று சொல்ல முதல் வகை போதும். “இந்தக் குழந்தைக்கு மொழி தாமதமாக வரலாம்” என்று சொல்ல இரண்டாவது வகை வேண்டும், அதை அடைவது பல மடங்கு கடினம்.

அப்புறம் இடைவெளி. பெரியவர்களை மூன்று மாதம் கழித்து மறுபடி அளந்தால் பெரிய பாதகமில்லை. பிறந்த முதல் ஆண்டில் மூளையின் கன அளவு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது, பிறக்கும்போது 35 செ.மீ. அளவில் இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதில் 46 செ.மீ. பக்கம் வந்துவிடுகிறது. மூன்று மாதம் விட்டு அளந்தால் எண் மாறியது வளர்ச்சியாலா, அளவீட்டுப் பிழையாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் நம்பகத்தன்மையைச் சோதிப்பதற்கென்று ஒரு சிறு குழுவை ஒதுக்கி, அவர்களை ஒரு வாரத்துக்குள், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள் மறுபடி வரச் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்த தேதியை விட்டுவிட்டு, பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியிலிருந்து வயதைக் கணக்கிடுங்கள்.

இனி தொப்பி. பெரும்பாலான பிழை இங்கேதான் நுழைகிறது, ஆனால் கட்டுரைகளில் இதற்கு இரண்டு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. குழந்தைகளுக்கு ஒளியை அனுப்பும் முனைக்கும் வாங்கும் முனைக்கும் நடுவே 2 முதல் 3 செ.மீ. தூரம்தான் வைக்கிறோம், அப்படியிருக்க தொப்பி ஒரு செ.மீ. நகர்ந்தால் நீங்கள் வேறு இடத்தை அளந்துகொண்டிருக்கிறீர்கள். டேப்பை எடுத்துத் தலைச் சுற்றளவு, மூக்கின் மேல் பள்ளத்திலிருந்து பின்மண்டை மேடு வரை, ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காது வரை என்று மூன்று அளவையும் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுங்கள், போன வாரத் தாளைப் பார்த்து நிரப்பாதீர்கள். தொப்பியைப் போட்டதும் முன்னாலிருந்தும் இரண்டு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள், கழற்றுவதற்கு முன் மறுபடி எடுங்கள். இந்தக் கடைசிப் படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் குழந்தை அழ ஆரம்பித்திருக்கும், கை கேபிளைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய்க்கொண்டிருக்கும், அம்மாவுக்கும் பொறுமை போயிருக்கும். இருந்தாலும் எடுத்துவிடுங்கள். காதுக்கு முன்னால் இருக்கும் சின்ன மேட்டை ஒட்டி இருந்த முனை இருபது நிமிடத்தில் எவ்வளவு மேலே ஏறிவிட்டது என்று சொல்ல அந்தப் படத்தை விட்டால் வேறு ஆதாரம் இல்லை.

நம் ஊர்க் குழந்தைகளை அளப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அடர்ந்த கறுப்பு முடி ஒளியை விழுங்கும். முதல் அளவீட்டுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் குலதெய்வம் கோயிலுக்குப் போய் மொட்டை போட்டு வந்தால் சமிக்ஞையின் தரமே மாறிவிடும், மூளையில் எதுவும் மாறியிருக்காது. அதனால் நாள் குறிக்கும்போதே மொட்டை, காதுகுத்து எப்போது என்று கேட்டுவிடுங்கள். நெற்றியில் வைத்த மைப்பொட்டும் அப்படியே ஒளியைத் தடுக்கும். பாட்டி திருஷ்டிக்கு வைத்தது என்பதால் கேட்காமல் துடைக்கக் கூடாது, அனுமதி கேட்டுத் துடைத்துவிட்டு, முடிந்ததும் திரும்ப வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள்.

நேரமும் பசியும் தூக்கமும் இரண்டு முறையும் ஒன்றாக இருக்கட்டும். விழித்திருந்தபோது ஒருமுறை, தூங்கும்போது ஒருமுறை என்று அளந்து ஒப்பிடவே கூடாது. எம்ஆர்ஐ எடுப்பவர்களுக்கு வேறு கவலைகள் உண்டு. பால் கொடுத்து, துணியில் சுற்றி, காதை நன்றாக மூடி, இயல்பான தூக்கத்தில் படமெடுப்பார்கள், ஆனாலும் ஆறு மாத வயதை ஒட்டி டி1 என்ற எம்ஆர்ஐ பட வகையில் மூளையின் சாம்பல் நிறப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் ஏறக்குறைய ஒரே சாயலில் தெரியும். பெரியவர்களுக்கு எழுதிய மென்பொருளை அந்தப் படத்தின் மேல் ஓட்டிவிட்டு வரும் கன அளவை நம்பாதீர்கள்.

கணக்குக்கு வருவோம். குழந்தையை இரண்டாவது முறை அழைக்க முடியாவிட்டாலும் ஒன்று செய்யலாம். ஒரே நாளில் படத்தைக் காட்டியவற்றில் 1, 3, 5 என்று ஒற்றைப்படையாக வரும் முறைகளைத் தனியாகவும் 2, 4, 6 என்று இரட்டைப்படையாக வரும் முறைகளைத் தனியாகவும் சராசரி எடுத்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பாருங்கள். 0.4 வந்தால், தரவு கூடினால் நம்பகத்தன்மை எவ்வளவு கூடும் என்று சொல்லும் ஸ்பியர்மன்-பிரவுன் சூத்திரப்படி முழுத் தரவுக்கும் 0.57 ஆகும். பாதித் தரவைப் போல மூன்று மடங்கு தரவு இருந்தால் 0.67. ஒரு குழந்தை எத்தனை முறை பார்க்க வேண்டும் என்பதை இப்படித்தான் முடிவு செய்யணும்.

இரண்டு நாள் தரவு இருந்தால் ஐசிசி போடுங்கள். குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாடு மொத்த வேறுபாட்டில் எத்தனை பங்கு என்பதுதான் ஐசிசி. சாதாரணத் தொடர்பு எண் போதாது, ஏனென்றால் இரண்டாவது நாள் எல்லா எண்களும் இரட்டிப்பானாலும் அது 1 என்றுதான் காட்டும். இரண்டு நாள் எண்களும் அப்படியே ஒத்துப்போகின்றனவா என்று, அதாவது முழு உடன்பாட்டைப் பார்க்கும் ஐசிசி வகையைத் தேர்ந்தெடுங்கள். 0.5க்குக் கீழே மோசம், 0.75 வரை சுமார், 0.9 வரை நன்று என்பது பரவலாக எடுத்துக்கொள்ளப்படும் அளவுகோல். ஆனால் 15 குழந்தைகளில் 0.6 கிடைத்தால் அதன் 95% நம்பக எல்லை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) சுமார் 0.15 முதல் 0.85 வரை போகும், அந்த எல்லையைப் போடாமல் 0.6ஐ மட்டும் எழுதுவது வாசகரை ஏமாற்றுவதாகும். எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே அளவில் எதிர்வினை காட்டினாலும் ஐசிசி குறையும். அங்கே குழு முடிவு உறுதியானது, குழந்தைகளைத் தரம் பிரிக்கத்தான் அந்த அளவீடு உதவாது.

குறைந்த நம்பகத்தன்மைக்கு விலை உண்டு. மூளை எதிர்வினைக்கும் பிற்காலச் சொல்வளத்துக்கும் உண்மையான தொடர்பு 0.5 என்று வையுங்கள். மூளை அளவீட்டின் நம்பகத்தன்மை 0.4, சொல்வளச் சோதனையுடையது 0.8 என்றால் உங்கள் தரவில் தெரியப்போவது 0.28தான். முப்பது குழந்தைகளை வைத்து அதைப் பிடிப்பது பெரும்பாலும் நடக்காது.

ஐசிசி அதிகமாக வந்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள், இதில் நானே மாட்டியிருக்கிறேன். துறுதுறுவென்று ஆடும் குழந்தை இந்த வாரமும் ஆடும், அடுத்த வாரமும் ஆடும். அசைவு தரவுக்குள் புகுந்திருந்தால் நீங்கள் மிகவும் நம்பகமாக அளந்தது அந்தத் துறுதுறுப்பை. ஒவ்வொரு குழந்தையின் அசைவு அளவையும் தனியாகக் கணக்கிட்டு, அதன் ஐசிசியையும் மூளை எண்ணோடு அதற்குள்ள தொடர்பையும் பாருங்கள். தொடர்பு வலுவாக இருந்தால் அசைவு நீக்கும் படிக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான். எந்தக் குழந்தையின் தரவைத் தள்ளுவது என்ற விதியை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்து, எத்தனை பேரைத் தள்ளினீர்கள், ஏன் என்பதைக் கட்டுரையில் கொடுங்கள்.

தொப்பியைக் கழற்றியதும் அம்மா கட்டாயம் கேட்பார்: “என் பிள்ளைக்கு எப்படிப்பா இருக்கு?” தனிக் குழந்தை அளவில் நம்பகத்தன்மை இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு “நல்லா இருக்கு” என்றும் சொல்லாதீர்கள், முகத்தைச் சுளித்தும் காட்டாதீர்கள். “இது நிறையக் குழந்தைகளைச் சேர்த்துப் பார்க்கிற சோதனைம்மா, ஒரு பிள்ளையைப் பற்றி இதை வைத்துச் சொல்ல முடியாது. உங்களுக்கு ஏதாவது சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.” இதையே ஒப்புதல் படிவத்திலும் பெரிய எழுத்தில் போட்டு, தொப்பி போடுவதற்கு முன்பே அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.