கடைமடைப் பள்ளிக்கூடம் வரை ஒரு ஆவணப்படத்தைக் கொண்டுபோக

படம் எடுத்து முடித்த களைப்பில் எல்லோரும் செய்கிற முதல் வேலை, லிங்க்கை நாற்பது கல்லூரி முதல்வர்களுக்கு மெயிலில் தட்டிவிட்டுக் காத்திருப்பது. நானும் காத்திருந்தேன். மேட்டூர் அணையில் ஜூன் 12 திறந்த தண்ணீர் கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் முடியும் இடத்து வயல்களுக்கு, வந்து சேராத கதைதான் என் படம், 52 நிமிடம். அந்தத் தண்ணீர் மாதிரியே மெயிலும் போன இடம் தெரியவில்லை. கடைசியில் மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் பொருளியல் நடத்தும் மேடம் ஒருவர், "வியாழக்கிழமை மூணாவது ஹவர் என்னோடதுதான், வந்து போடுங்க" என்றார். ஒரு வகுப்பறை, முப்பத்தெட்டுப் பேர், அவ்வளவுதான். அன்று சாயங்காலம் அவர் தன் வாட்ஸாப் குழுவில் எழுதிய இரண்டு வரியில்தான் அடுத்த நான்கு கல்லூரிகள் கிடைத்தன.

ஆகவே முதல்வர் அறை வாசலில் நிற்காதீர்கள், பாடம் நடத்தும் ஒருவரைப் பிடியுங்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகை மாவட்டக் கலைக்கல்லூரிகளில் பெரும்பாலானவை பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பாடத்திட்டம் இணையத்திலேயே கிடைக்கும், எடுத்துப் படியுங்கள். உங்கள் படம் எந்தத் தாளில், எந்த அலகில் உட்காரும் என்று நீங்களே சொல்லிவிட்டால் அந்த ஆசிரியருக்குப் பாதி வேலை மிச்சம். சமூகப்பணி, பொருளியல், தமிழ்த்துறை மூன்றும் நல்ல கதவுகள். அதைவிட நல்ல கதவு நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர். ஏழு நாள் முகாம் போட்டுப் பிள்ளைகளை ஒரு கிராமத்தில் தங்கவைத்திருப்பார், ராத்திரியில் என்ன செய்வது என்று அவருக்கே தெரியாது.

எழுதும் கடிதம் அரைப் பக்கம் போதும். எத்தனை நிமிடம், எந்த மொழி, எந்த வயதுக்கு ஏற்றது, பிரச்சினை கிளப்பக்கூடிய காட்சி எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது. கடைசியில் சொன்னதை மறைக்கவே மறைக்காதீர்கள். ஆசிரியர் முழுப் படத்தையும் தனியாகப் பார்த்த பிறகுதான் தேதி குறிக்க வேண்டும், ஏனென்றால் நாம் பஸ் ஏறிப் போய்விடுவோம், மறுநாள் நிர்வாகத்துக்குப் பதில் சொல்லப்போவது அவர். கூலி கேட்ட தலித் தொழிலாளர் குடும்பங்களைக் குடிசையோடு எரித்த 1968 வெண்மணி மாதிரி ஒன்றைத் தொடும் படமென்றால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம் நாக் (NAAC), கல்லூரிகளுக்குத் தர மதிப்பீடு போடும் தேசிய அமைப்பு. சிரிக்காதீர்கள், நிகழ்ச்சி நடந்ததற்கு வருகைப் பதிவு, எடுத்த இடம் பதிவாகியிருக்கும் ஜியோடேக் புகைப்படம், ஒரு பக்க அறிக்கை இதெல்லாம் துறைக்கு வேண்டும். அந்த அறிக்கையை நானே தட்டச்சு செய்து அன்றைக்கே அனுப்பிவிடுவேன். என் படத்துக்குக் கிடைத்த பாராட்டைவிட இந்த அறிக்கைக்குக் கிடைத்த நன்றிதான் அதிகம்.

அரசுப் பள்ளி வேறு கணக்கு. 2024இல் சென்னையில் ஒரு அரசுப் பள்ளியில் நடந்த ஆன்மிகச் சொற்பொழிவு பெரிய சர்ச்சையானதிலிருந்து, வெளியாள் உள்ளே வருகிறார் என்றாலே தலைமையாசிரியர்கள் யோசிக்கிறார்கள். அதில் தப்பும் இல்லை. முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள். மயிலாடுதுறை 2020இல் தனி மாவட்டமாகிவிட்டது, பழைய நினைப்பில் மனுவோடு நாகப்பட்டினம் போய் நின்றால் ஒரு நாள் வீண். 2022 முதல் அரசுப் பள்ளிகளில் சிறார் படங்கள் திரையிடுகிறார்கள் அல்லவா, அதைக் கவனிக்கும் ஆசிரியர் யார் என்று விசாரியுங்கள். புரொஜக்டர் எந்த பீரோவில் இருக்கிறது, சாவி யாரிடம் என்று தெரிந்த ஆள் அவர்தான்.

காசு விஷயம். கல்வி நிலையத்துக்குள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் பார்க்கும் திரையிடல் உரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவே சொல்கிறது. அதனால் திரையிடல் கட்டணம் என்று ஆரம்பித்தால் விவரம் தெரிந்த நூலகர் ஒரு மாதிரி பார்ப்பார். நூலகப் பிரதிக்கு ஒரு விலையும் போய்வரும் செலவும் கேளுங்கள். நான் பள்ளிக்கு எதுவும் வாங்குவதில்லை. ஊர்க்காரர்கள் எல்லாரும் வந்து உட்காரும் முகாம் திரையிடல் அப்படியல்ல, அது பொதுக்காட்சி. அதற்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். 2023 திருத்தத்துக்குப் பிறகு யுஏ சான்றிதழையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், பள்ளியில் பேசும்போது இது கைகொடுக்கிறது.

கருவிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். 6 ஜிபி கோப்போடு போய் இறங்கிய ஒரு பள்ளியில், அவர்களுடைய பென்டிரைவுக்கு மாற்றப் பார்த்தால் ஏறவே மாட்டேன் என்றது; ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை வாங்காது என்பதை எண்பது பிள்ளைகள் முன்னால் நின்று கற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து 3 ஜிபிக்குள் ஒரு எம்பி4 பிரதி தனியாக வைத்திருக்கிறேன். பழைய புரொஜக்டர் என்றால் விஜிஏ வயர்தான், அதில் ஒலி வராது, ஸ்பீக்கருக்குத் தனி வயர் எடுத்துப் போங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நான்கு கறுப்பு வேட்டி, கிளிப். தமிழ்ப் படமாக இருந்தாலும் தமிழிலேயே சப்டைட்டில் போடுங்கள், எதிரொலிக்கும் ஹாலில் வயலில் நின்று பேசும் கிழவியின் பேச்சு ஒன்றும் விளங்காது. நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போவதென்றால் வெளிமாநிலப் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் வேண்டும். பள்ளிக்கு 25 நிமிட வடிவம் ஒன்று அவசியம், பீரியட் முடிந்தால் மணி அடித்துவிடும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் ஒரு இடத்தில் தோற்றேன். படம் எடுத்த ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒரு பள்ளி. நடவுக்கூலி பாக்கியைப் பற்றி ஒரு அம்மா பேசும் காட்சியில், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வார், அந்த இடத்தில் பின்வரிசையில் யாரோ "டேய், ஒங்க அத்தைடா" என்றான். வகுப்பே சிரித்தது. அந்தப் பையன் மேசைமேல் தலையைக் கவிழ்த்தவன் படம் முடியும்வரை நிமிரவில்லை. அந்த அம்மாவிடம் படம் எடுக்கச் சம்மதம் கேட்டிருந்தேன், அவர் ஊர்ப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று கேட்கவில்லை. பிறகு போய்க் கேட்டேன். "பெரிய காலேஜுல போடுங்க தம்பி, இங்க வேணாம்" என்றார். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு அந்தக் காட்சி இல்லாத பிரதிதான் இப்போது போகிறது. பேசியவர்களின் ஊர்ப்பட்டியலை எழுதிவைத்து, பக்கத்துப் பள்ளி கேட்டால் முதலில் அவர்களுக்குப் போன் போடுங்கள்.

தேதி பிடிக்கும்போது நவம்பரைத் தொடாதீர்கள். கல்லூரியில் தேர்வு, வெளியே மழை. கலெக்டர் காலையில் லீவு விட்டால் நீங்கள் நீடாமங்கலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பீர்கள். ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை, அப்புறம் பொங்கல் கழித்து பிப்ரவரிவரை. பள்ளியில் பத்தாவது, பன்னிரண்டாவது பக்கமே போக வேண்டாம், ஒன்பதும் பதினொன்றும்தான் நமக்கு. ஒரே சாலையில் இரண்டு இடம் சேர்த்துப் போட்டுக்கொண்டால், காலையில் தஞ்சாவூர், மத்தியானம் திருவாரூர் என்று ஒரே பஸ் செலவில் முடியும். கிளம்பும்முன் நூலகரைப் பார்த்து, பிரதியைப் பதிவேட்டில் ஏற்றி எண் போட்டாரா என்று நின்று பாருங்கள், இல்லாவிட்டால் அது யாரோ ஒருவருடைய மேசை டிராயருக்குள் போய்விடும்.