ஏர் ஃபில்டர் பெட்டிக்கு எந்தத் திருகு பொருந்தும்?

சித்திரை வெயிலில் சேலத்துத் தெருவில் நின்ற காரை எடுத்துக்கொண்டு, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி ஏற்காட்டுக்குப் போனால், அதன் ஏர் ஃபில்டர் பெட்டி ஒரே நாளில் இன்ஜின் சூட்டையும் மலைக்குளிரையும் இடைவிடாத அதிர்வையும் தாங்க வேண்டியிருக்கிறது. அப்பெட்டி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீனால் ஆனது. சூடேறும்போது அது எஃகைவிடப் பல மடங்கு விரியும். தொடர்ந்து அழுத்தத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்ல மெல்லத் தளர்ந்தும் கொடுக்கும். ஆகவே இரும்பை இறுக்கும் பழக்கத்தோடு இதை இறுக்கக் கூடாது.

திருகு வாங்கக் கடைக்குப் போகும் முன் பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். அது எந்தப் பிளாஸ்டிக் என்பது பெரும்பாலும் உட்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும். 'பிபி' (PP) என்றால் பாலிபுரொப்பிலீன், மென்மையானது. 'பிஏ 6 ஜிஎஃப் 30' (PA6 GF30) என்றால் 30 விழுக்காடு கண்ணாடி இழை கலந்த நைலான், விறைப்பானது. இன்ஜினோடு ஒட்டி, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டு பெரும்பாலும் இவ்வகையே.

திருகு நேராகப் பிளாஸ்டிக்கில் ஏறும் இடத்தில், பிளாஸ்டிக்குக்கென்றே செய்யப்பட்ட திருகைத்தான் கேட்டு வாங்க வேண்டும். அதன் மரை மெலிந்து, உயர்ந்து, இடைவெளி விட்டு இருக்கும்; மரையின் கோணம் ஏறத்தாழ 30 பாகை. உலோகத் தகட்டுக்கென்று செய்த தகட்டுத் திருகின் கோணம் 60 பாகை என்பதால், அது உள்ளே போகும்போதே துளையின் சுவரைப் பக்கவாட்டில் நெம்புகிறது. என் காரைச் சர்வீஸுக்கு விட்ட இடத்தில், தொலைந்துபோன ஒரு திருகுக்குப் பதிலாகத் தகட்டுத் திருகைப் போட்டுவிட்டார்கள். சில வாரம் கழித்துத் திறந்து பார்த்தபோது, திருகு ஏறும் குமிழின் ஓரம் வெளுத்து, தலைமுடி அளவுக்கு நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. ஃபில்டரைத் தாண்டிய சுத்தமான பக்கத்தில், வெள்ளைக்கல் சுரங்கப் பக்கத்துச் சாலைகளில் பறக்கும் மாவு போன்ற தூசி கோடாகப் படிந்திருந்தது. அந்தத் தூசி இன்ஜினுக்குள் போயிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன்: 5 மில்லிமீட்டர் திருகுக்குத் துளை 4 மில்லிமீட்டர் அளவிலும், குமிழின் வெளி விட்டம் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருந்து, திருகு குறைந்தது 10 மில்லிமீட்டர் ஆழம் உள்ளே பிடித்தால் அந்த இணைப்பு நிற்கும். தலையோடு அகன்ற வாஷர் சேர்ந்ததாக இருப்பது நல்லது. பழைய துளையில் மறுபடி போடும்போது, திருகை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் 'டக்' என்று இறங்கும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து கையால் முறுக்கி, தலை உட்கார்ந்ததும் நிறுத்திவிட வேண்டும்; பவர் டிரைவர் இங்கே வேண்டவே வேண்டாம்.

அடிக்கடி கழற்றும் இடமானால் உட்புறம் மரை வெட்டிய பித்தளை மரைக்கூட்டைத் துளையில் பதித்து, அதில் சாதாரண போல்ட்டைப் போடலாம். போல்ட் பிளாஸ்டிக்கை ஊடுருவிச் செல்லும் துளைகளில் சிறிய உலோகக் குழல் இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள். இறுக்கத்தைத் தாங்குவது அந்தக் குழல்தான். ரப்பர் குழாயை பிளாஸ்டிக் கழுத்தில் பிடிக்க ஸ்பிரிங் கிளாம்ப் மேலானது, ஏனெனில் கழுத்து தளர்ந்தாலும் அது தானாகப் பின்தொடர்ந்து இறுக்கும். திருகு வைத்த கிளாம்பை அளவுக்கு மீறி முறுக்கினால் கழுத்தே உள்ளே நசுங்கும்.

நடு ஆணியை இழுத்து உடைத்துப் பொருத்தும் பாப் ரிவெட்டை, இன்ஜினுக்குக் காற்று போகும் இந்தப் பாதையில் நான் ஏற்கவே மாட்டேன். உள்ளே உடைந்து நிற்கும் அதன் ஆணித்தலை ஒரு நாள் கழன்றால், ஃபில்டரைத் தாண்டிய பிறகு அதைத் தடுக்க எதுவும் இல்லை. நேரே டர்போவுக்கோ வால்வுக்கோதான் போகும். திருகு தளராமலிருக்க மரையில் ஊற்றும் பூட்டுத் திரவமும் வேண்டாம், சில பிளாஸ்டிக்குகளில் அது விரிசலை உண்டாக்கும்.

வேலை முடிந்ததும் ஒருமுறை மலையேறி இறங்கி, இன்ஜின் நன்றாக ஆறிய பின் ஒவ்வொரு திருகையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒரு மாதம் கழித்து மூடியைத் திறந்து, சுத்தமான பக்கத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறை ஏறினால் காற்று எங்கோ ஓரமாக நுழைகிறது என்று பொருள், மீண்டும் குமிழ்களைப் பார்க்க வேண்டும்.