பயணம், வேலை, பொழுதுபோக்கு: போன வருஷத்தை ஒரே தாளில் பார்ப்பது எப்படி

வருஷக் கடைசியில் "இந்த வருஷம் என்ன செய்தோம்" என்று உட்கார்ந்து யோசித்தால் பெரும்பாலும் அக்டோபருக்குப் பிறகு நடந்ததுதான் ஞாபகத்துக்கு வரும். பிப்ரவரியில் ஆபீஸில் உயிரை வாங்கிய வேலை, மே மாதம் ஊருக்குப் போய் வந்தது, ஆடியில் ஆசையாக வாங்கிய விதை எல்லாம் மங்கிப்போய், தீபாவளி நெரிசலும் டிசம்பர் மழையும் மட்டும் மனதில் நிற்க, "என்னத்த செஞ்சோம்" என்ற சலிப்புதான் மிஞ்சும். அதனால் யோசிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம், முதலில் ஆதாரம் தேடுங்கள். இன்னொன்று, பயணத்துக்கு ஒரு பட்டியல், வேலைக்கு ஒரு பட்டியல், பொழுதுபோக்குக்கு ஒரு பட்டியல் என்று தனித்தனியாகப் போடாதீர்கள். மூன்றும் ஒரே வீட்டின் நேரத்தைத்தான் பங்கு போடுகின்றன. எது எதைத் தின்றது என்பது மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் தெரியும்.

டிசம்பர் 31 ராத்திரி இதற்கு லாயக்கில்லை. வீட்டில் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள், மீதிப் பேர் போனில் இருப்பார்கள். என் ஓட்டு போகிக்கு முந்தின வாரத்துக்குத்தான். எப்படியும் அலமாரியை ஒழிக்கப் போகிறோம். பழைய கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு, பாதி பிரித்த விதை பாக்கெட், ஓட்டல் பில் எல்லாம் தானாக வெளியே வந்து விழும். அதையெல்லாம் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு ஓரமாக எடுத்து வையுங்கள்.

தேவையானது ஒரு சார்ட் பேப்பர், ஒரு பென்சில். அகலவாக்கில் 12 கட்டம், மேலிருந்து கீழே 3 வரிசை: பயணம், வேலை, பொழுதுபோக்கு. கம்ப்யூட்டரில் எக்செல் போட்டுச் செய்யலாம்தான், ஆனால் அப்படிச் செய்தால் நீங்கள் ஒருவர்தான் செய்வீர்கள். தரையில் சார்ட்டை விரித்தால் பிள்ளைகள் தானாக வந்து உட்காருவார்கள், வீட்டுப் பெரியவர்கள் போகிற போக்கில் "அது ஜூன் இல்லப்பா, வைகாசியிலயே முடிஞ்சுது" என்று திருத்திவிட்டுப் போவார்கள். அந்தத் திருத்தம் எக்செல்லில் கிடைக்காது.

ஆதாரத்தை எங்கிருந்து தொடங்குவது? கூகுள் மேப்ஸ், போட்டோ என்று எல்லோரும் போனை எடுப்பார்கள். நான் சொல்வது சமையலறைச் சுவரில் நகைக்கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குமே, அதை. பால் கணக்கு எழுதுகிற வீடாக இருந்தால் அதைவிட நேர்மையான நாட்குறிப்பு கிடையாது. தேதிக்குக் கீழே அரை, ஒன்று என்று எழுதியிருக்கும். ஊரில் இல்லாத நாட்களில் பெருக்கல் குறி. விருந்தாளி வந்த நாளில் ஒன்றரை, இரண்டு. நடுவில் "கேஸ் மாத்தியது", "ஸ்கூல் ஃபீஸ்", "சித்தி வருகை" என்று குட்டி எழுத்தில் இருக்கும். பெருக்கல் குறிகளை மட்டும் பென்சிலால் சார்ட்டுக்கு மாற்றினாலே பயண வரிசையில் பாதி நிரம்பிவிடும். இரண்டு நாள் மூன்று நாள் என்று நீங்கள் கணக்கிலேயே வைக்காத பயணங்கள்தான் அதில் அதிகம் இருக்கும் என்பதையும் பார்ப்பீர்கள்.

கார் இருந்தால் அடுத்தது ஃபாஸ்டேக் கணக்கு. வங்கியின் தளத்தில் வருஷம் முழுக்க எடுக்கலாம். எந்தச் சுங்கச்சாவடி, எத்தனை மணி என்று வரிசையாக இருக்கும். சென்னையிலிருந்து திருச்சிப் பக்கம் போகிறவர்களுக்கு பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று அந்தப் பெயர்களைப் படித்தாலே பயணம் திரும்ப ஓடும். பரனூர் அதிகாலை 5 மணி, ஆத்தூர் 6 மணிக்குள் என்றால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டே போன நல்ல பயணம். பரனூர் இரவு 8, ஆத்தூர் பத்தரை என்றால் அது தீபாவளிக்கு முந்தின நாளாகத்தான் இருக்கும், யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. விக்கிரவாண்டிக்கும் செங்குறிச்சிக்கும் நடுவில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால் அங்கேதான் டிபன் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

இதில் ஒரு உபரி லாபமும் உண்டு. 2025 ஆகஸ்ட் 15 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் வந்திருக்கிறது. வந்தபோது 3,000 ரூபாய், 200 முறை கடக்கலாம் அல்லது ஒரு வருஷம், எது முன்னால் முடிகிறதோ அதுவரை. திருச்சிக்கு ஒருமுறை போய்வந்தாலே 12 முறை கடந்தாகிவிடும். உங்களுக்கு அந்தப் பாஸ் கட்டுமா கட்டாதா என்பதை போன வருஷக் கணக்கை எண்ணிப் பார்த்துச் சொல்லிவிடலாம், அடுத்த வீட்டுக்காரர் வாங்கினார் என்று வாங்க வேண்டாம்.

ரயிலில் போகிறவர்கள் ஐஆர்சிடிசி கணக்கில் பழைய டிக்கெட் வரலாற்றைப் பாருங்கள். அதில் ரத்து செய்த டிக்கெட்டையும் சேர்த்துப் பாருங்கள், அதுதான் முக்கியம். போகாத பயணமும் அந்த வருஷத்தின் பகுதிதான். ஏன் ரத்தானது என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள்: காய்ச்சல், பரீட்சை, ஆபீஸ். "ஆபீஸ்" என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தால் அதை வட்டமிட்டு வையுங்கள்.

போட்டோவில் ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் தேதியை நம்பாதீர்கள். அனுப்பும்போது படம் எடுத்த தேதி போய்விடும், உங்கள் போன் காட்டுவது வந்து சேர்ந்த தேதி. பெரியப்பா மகன் மார்ச்சில் எடுத்த கல்யாணப் படத்தை ஜூலையில் அனுப்பியிருந்தால் அது ஜூலையில் போய் உட்காரும். சொந்த போனில் எடுத்ததை மட்டும் தேதிக்கு ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் டைம்லைன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: அந்தத் தகவல் இப்போது போனிலேயேதான் சேமிக்கப்படுகிறது, பேக்அப் போடாமல் போன் மாற்றினால் வருஷமே காணாமல் போகும். யுபிஐ கணக்கைக் கடைசியாகப் பாருங்கள். முதலிலேயே பணத்தில் ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பி, சார்ட்டைச் சுருட்டி வைக்க வேண்டியதாகிவிடும்.

பயண வரிசை நிரம்பியதும் ஒவ்வொன்றையும் சுற்றுலாவா, கடமையா என்று பிரியுங்கள். நம் வீடுகளில் பயணம் என்றால் பாதிக்கு மேல் கல்யாணம், கிரகப்பிரவேசம், குலதெய்வம் கோயில், காதுகுத்து, துக்கம். அதை மட்டம் தட்டச் சொல்லவில்லை, சொல்லப்போனால் அத்தை மாமாவையெல்லாம் பார்ப்பது அங்கேதான். ஆனால் "இந்த வருஷம் இவ்வளவு ஊர் சுற்றியும் ஓய்வே இல்லையே" என்று ஏன் தோன்றுகிறது என்பதற்கு விடை அந்தப் பிரிவில் இருக்கும். மாதத்தையும் பாருங்கள். தை, வைகாசி, ஆவணியில் முகூர்த்தம் குவிந்திருக்கும். ஆடியும் மார்கழியும் காலியாக இருக்கும். சொந்தக்காரர்கள் கூப்பிடாத இரண்டு மாதம் அவை. ஆடியில் குற்றாலத்தில் சாரல் இருக்கும்!

வேலை வரிசைக்கு இன்பாக்ஸைப் பார்க்காதீர்கள், அனுப்பிய மெயில்களைப் பாருங்கள். வந்தது மற்றவர்கள் உங்களிடம் கேட்டது, அனுப்பியதுதான் நீங்கள் செய்தது. மாதத்துக்கு இரண்டு வரி போதும்: என்ன முடித்தேன், எதை ஓடவைத்துக்கொண்டிருந்தேன். இந்த இரண்டாவதைப் பெரும்பாலானவர்கள் எழுதவே மாட்டார்கள். பழுதாகாமல் பார்த்துக்கொண்டது, புதிதாக வந்த பையனுக்குச் சொல்லிக்கொடுத்தது, ஒருவர் லீவில் போனபோது அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்தது இதெல்லாம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. பிப்ரவரி, மார்ச்சில் அப்ரைசல் படிவம் வரும்போது என்ன எழுதுவது என்று முழிக்காமல் இந்த வரிசையைப் பார்த்து எழுதலாம். கையோடு எத்தனை நாள் லீவு வீணாகப் போனது என்பதையும் எழுதுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் அனுப்பிய மெயில் எந்த மாதத்தில் அதிகம் என்றும் பாருங்கள், அந்த மாதத்தில் மற்ற இரண்டு வரிசையும் எப்படி இருக்கின்றன என்று கண்ணை மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள்.

எல்டிஏ, அதாவது லீவில் பயணம் போக ஆபீஸ் தரும் படிக்கான வரி விலக்கு, அந்த விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இது. நான்கு காலண்டர் வருஷத்துக்கு இரண்டு பயணம் என்று கணக்கு. 2022 முதல் 2025 வரை ஒரு தொகுதி முடிந்தது. அதில் உரிமை கோராமல் விட்ட ஒரு பயணத்தை அடுத்த தொகுதியின் முதல் வருஷமான 2026-க்குக் கொண்டுபோகலாம். உள்நாட்டுப் பயணம், அதிலும் போக்குவரத்துக் கட்டணம் மட்டும். ஓட்டல் வாடகை, சாப்பாடு சேராது, லீவு போட்டுப் போயிருக்கவும் வேண்டும். பயண வரிசையில் அப்படி ஏதாவது இருந்தால் டிக்கெட்டைத் தேடி எடுத்து வையுங்கள்.

பொழுதுபோக்கு வரிசைதான் எல்லோருக்கும் கூச்சம். வாங்கிவைத்த கீபோர்டு, பாதியில் நிற்கும் மரப்பெட்டி, மாடியில் மண் மட்டும் இருக்கிற பைகள். முடிந்தது, ஓடுகிறது, நிற்கிறது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். நிற்கிறது என்பதற்குப் பக்கத்தில் கடைசியாகக் கைவைத்த மாதம். ஒரு பண்டிகை சீசன் முழுக்கக் கடந்தும் தொடவில்லை என்றால் அதை யாருக்காவது கொடுத்துவிடுங்கள். மாடி வீட்டுப் பெண் கீபோர்டு கிளாஸ் போகிறாள் என்றால் உங்கள் கீபோர்டு அங்கே இருப்பதுதான் நியாயம். இதில் இரக்கம் பார்த்தால் அலமாரி காலியாகாது.

இப்போது மூன்று வரிசையையும் சேர்த்துப் படியுங்கள். மாடித்தோட்டக்காரர்கள் வீட்டில் இது நன்றாக விளங்கும். மே மாதக் கட்டத்தில் பயண வரிசையில் "ஊர், இரண்டு வாரம்", வேலையில் "லீவு", தோட்டத்தில் "எல்லாம் காய்ந்தது". அதுவரை மாவுப்பூச்சி, வேப்பெண்ணெய், மண் சரியில்லை என்று ஆயிரம் காரணம் தேடியிருப்பீர்கள். காரணம் கோடை விடுமுறை, அவ்வளவுதான். இதற்குப் பூச்சி மருந்து உதவாது, விதைக்கிற தேதியைத்தான் மாற்ற வேண்டும். வெண்டை விதைத்து 45 நாளில் காய்க்க ஆரம்பித்துவிடும். பொங்கல் முடிந்த கையோடு போட்டால் மார்ச் தொடக்கத்திலிருந்து காய் பறித்து, ஏப்ரல் கடைசியில் செடி ஓயும்போது பையைக் கவிழ்த்துவிட்டு ஊருக்குக் கிளம்பலாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொன்னதும் சரிதான், ஆனால் அதே ஆடியில்தான் குற்றாலம் போகலாம் என்று மேலே சொன்னேன். விதைத்த முதல் வாரத்தில் தண்ணீர் விட ஆள் வேண்டும், எனவே முதலில் போய்விட்டு வந்து விதையுங்கள், அல்லது சனி ஞாயிறோடு திரும்புங்கள். உங்கள் பொழுதுபோக்கு பறவை பார்ப்பதாக இருந்தால் மோதலே இல்லை: வேடந்தாங்கலில் கூட்டம் சேர்வது நவம்பரிலிருந்து, பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது, பிள்ளைகளையும் கூட்டிப் போகலாம்.

சார்ட் நிரம்பியபின் வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள், எது பிடித்தது என்று. எல்லோரையும் சேர்த்து உட்காரவைத்துக் கேட்டால் முதலில் பேசியவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். நீங்கள் ஊட்டியில் ஓட்டல் பார்த்து, மேட்டுப்பாளையத்தில் காலையிலேயே மலை ரயில் பிடித்து அழைத்துப் போயிருப்பீர்கள். சின்னவனுக்கு ஓட்டல் வாசலில் இருந்த ஊஞ்சல்தான் ஊட்டி.

"பாட்டி, இந்த வருஷம் போனதுல உனக்கு எது பிடிச்சுது?"

"எங்கடா போனேன், கார்லயேதானே உக்காந்திருந்தேன். திருச்சியில என் தங்கச்சி வீட்ல ஒரு ராத்திரி படுத்திருந்தோமே, அது."

இதை அவர் சொன்ன வார்த்தையிலேயே சார்ட்டில் எழுதிவையுங்கள். வாதாட வேண்டாம். ஊட்டிக்கு எவ்வளவு செலவானது என்று ஞாபகப்படுத்தவும் வேண்டாம்.

பிறகு மாதத்துக்கு ஒரு படம், அதில் வேலை ஒன்றும் பொழுதுபோக்கு ஒன்றுமாவது இருக்கட்டும், பிரிண்ட் போடுங்கள். பின்பக்கம் இடம், மாதம், யார் யார் என்று எழுதுங்கள். போனில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் யாரும் பார்ப்பதில்லை, பிரிண்ட் போட்ட பன்னிரண்டை வருகிற விருந்தாளி எல்லாம் பார்ப்பார்.

கடைசியாக அடுத்த வருஷக் காலண்டர். தெரிந்த தேதிகளை மட்டும் பென்சிலால் குறியுங்கள்: பரீட்சை, குலதெய்வம் கோயில் திருவிழா, ஆபீஸில் கட்டாயம் இருக்க வேண்டிய வாரங்கள், விதைக்கும் நாள். பயணத்துக்குப் போகும் தேதியோடு டிக்கெட் எடுக்கும் தேதியையும் குறியுங்கள். 2024 நவம்பர் 1 முதல் ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது, ஆகவே பொங்கலுக்கு ஊருக்குப் போக நவம்பர் நடுவில் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தாக வேண்டும். அன்றைக்கு எட்டு மணிக்கு மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.