பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? டிஸ்க்கைக் கடைவதற்கு முன் ஹப்பைப் பாருங்கள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் மூன்றாவது கியரில், பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். காரவள்ளி அடிவாரத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் வண்டியை நிறுத்தி வைத்திருந்தேன். அடுத்த வாரம் நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்தபோது ஸ்டீயரிங் கையில் நிற்காமல் நடுங்கியது. பட்டறையில் டிஸ்க்கை, அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டை, கடைந்து சமமாக்கிக் கொடுத்தார்கள், நடுக்கம் நின்றது. மூன்றே மாதத்தில் திரும்ப வந்தது. காரணத்தைத் தேடாமல் கடைந்ததுதான் தவறு என்பது நானே டிஸ்க்கைக் கழற்றிய பிறகுதான் தெரிந்தது. அந்தத் தேடலை எப்படிச் செய்வது என்பதைச் சொல்கிறேன்.

எங்கே நடுங்குகிறது?

கருவிகளை எடுப்பதற்கு முன் வண்டியை ஓட்டிப் பாருங்கள். பிரேக்கைத் தொடாமலே 80, 90 வேகத்தில் நடுங்கினால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங், டயர் அல்லது வளைந்த ரிம் தொடர்பானது. பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஸ்டீயரிங் ஆடினால் முன்சக்கரங்களைச் சந்தேகியுங்கள். இருக்கையும் தரையும் அதிர்ந்தால் பின்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். பின்பக்கம் டிரம் பிரேக் உள்ள கார்களில் அதை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. ஆளில்லாத நேர்சாலையில் 30 வேகத்தில், கைபிரேக்கின் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி நெம்புகோலை மெதுவாக இழுங்கள். அதிர்வு வந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. ஈரச்சாலையில் இதைச் செய்யவே கூடாது.

திடீரென்று முழு பலத்துடன் மிதிக்கும்போது மட்டும் பெடல் துடித்தால் பயப்பட வேண்டாம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் வேலை செய்கிறது. ஆனால் பெடல் உள்ளே அமிழ்ந்தாலோ வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ அதை ஓட்டாதீர்கள். மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கே வரவழையுங்கள்.

டிஸ்க் உண்மையில் வளைகிறதா?

"டிஸ்க் வளைந்துவிட்டது" என்று எல்லாரும் சொல்வோம். பெரும்பாலும் அது வளைவதில்லை, அதன் தடிமன்தான் இடத்துக்கு இடம் மாறிவிடுகிறது. சூடேறிய டிஸ்க்கில் பேடை (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் பிரேக் கட்டை) அழுத்தியபடி நிறுத்தினால் பேடின் பொருள் அந்த இடத்தில் திட்டாக ஒட்டிக்கொள்ளும். அல்லது டிஸ்க்கும் சக்கரமும் பூட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பின் முகத்தில் படிந்த துரு, டிஸ்க்கைச் சற்றே சாய்வாக உட்கார வைக்கும். சாய்ந்த டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை உரசும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்துவிடும். 0.02 மில்லிமீட்டர் வித்தியாசமே நடுக்கத்துக்குப் போதும், தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. சிறிய காரின் சக்கரம் 80 வேகத்தில் விநாடிக்குச் சுமார் 12 முறை சுற்றுகிறது. அத்தனை முறையும் தடித்த பகுதி பேடைத் தள்ளும். அந்த உதைதான் உங்கள் கைக்கு வருகிறது.

கழற்றிப் பார்த்தல்

பிரேக் நன்றாக ஆறட்டும். சமதரையில் நிறுத்தி, முதல் கியர் போட்டு, கைபிரேக் இழுத்து, பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். வீல் நட்டுகளை ஜாக்கி ஏற்றும் முன்பே சற்றுத் தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். பிரேக் தூசியை வாயால் ஊதவோ காற்றடிக்கவோ வேண்டாம். ஈரத்துணியால் துடையுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

டிஸ்க்கில் நீலத் திட்டுகள், பேடின் வடிவில் கறை, ஆழமான கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் யோசனையே வேண்டாம், புதிய டிஸ்க்தான். பேடுகளைத் தாங்கி அழுத்தும் காலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், ரப்பர் ஹோஸ் அதன் எடையைத் தாங்கக் கூடாது. காலிப்பர் நகர்வதற்கான சறுக்கு ஊசிகளைக் கையால் நகர்த்திப் பாருங்கள். உள்பேடும் வெளிபேடும் வெவ்வேறு அளவில் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஊசியோ, பேடைத் தள்ளும் பிஸ்டனோ இறுகியிருக்கிறது. ஊசியைத் துடைத்து, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸ் மட்டும் தடவுங்கள்.

அடுத்து டிஸ்க்கைக் கழற்றுங்கள். ஹப்போடு ஒட்டியிருந்தால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். பல கார்களில் டிஸ்க்கிலேயே மரையுள்ள இரண்டு துளைகள் இருக்கும், அவற்றில் பொருத்தமான போல்ட்டுகளைச் சமமாக முறுக்கினால் தானே கழன்று வரும். என் காரில் உள்ளே ஹப்பின் முகத்தில் பொருக்குப் பொருக்காகத் துரு. இரண்டு மடங்கு செலவு வைத்தது அதுதான். வயர் பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் உலோகம் தெரியும்வரை தேயுங்கள், டிஸ்க்கின் உள்முகத்தையும் சேர்த்து.

நுண்ணிய தடிமனை அளக்கும் மைக்ரோமீட்டர் கிடைத்தால் டிஸ்க்கின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் உள்ளே, எட்டு இடங்களில் தடிமனை அளந்து எழுதுங்கள். குறைந்தபட்ச தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். கடைந்த பிறகும் அந்த அளவுக்கு மேல் நிற்கும் என்றால் மட்டும் லேத்துக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் இடது, வலது இரு சக்கரங்களுக்கும் சேர்த்துப் புதிய டிஸ்க், புதிய பேட்.

திரும்பப் பூட்டுதல்

நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று சுற்றில் இறுக்குங்கள். கடைசி முறுக்கு, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால்தான் இருக்க வேண்டும். சிறிய கார்கள் பலவற்றுக்கு 85 முதல் 110 நியூட்டன் மீட்டர், உங்கள் காரின் கையேட்டில் உள்ளதே சரியான அளவு. பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியால் ஏறுமாறாக இறுக்கினால் புத்தம் புதிய டிஸ்க்கும் சாய்ந்து உட்காரும். அங்கே நின்று, கையால் இறுக்கச் சொல்லுங்கள்.

வண்டியை நகர்த்தும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். மறந்தால் முதல் மிதியில் பிரேக்கே பிடிக்காது. பிறகு காலியான சாலையில் 60லிருந்து 15க்கு, முழுவதும் நிறுத்தாமல், நிதானமாகப் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். இடையிடையே சற்று ஓட்டிக் காற்றுப்பட விடுங்கள், கடைசியாகச் சில நிமிடம் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவையுங்கள். புதிய பேட் டிஸ்க்கில் சீராகப் படிவது இப்படித்தான். நூறு கிலோமீட்டர் ஓடிய பின் நட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபாருங்கள்.

மலை இறங்கும்போது நான் இப்போது இரண்டாவது கியருக்கு மேல் போவதில்லை. அடிவாரத்தில் நின்றால், சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுப் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுகிறேன்.